ஹைரோகிளிஃப் சொற்புதிர்களை விடுவிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

பண்டைய எகிப்தின் சித்திர எழுத்தில் அமைந்த குறுக்கெழுத்தையோ, சொல் தேடலையோ, அரசர் பெயர்ப் புதிரையோ ஆசையாகக் கையில் எடுத்து, பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டவரா நீங்கள்? குறிகள் தெரியாததால் நின்றுபோகிறவர்கள் குறைவு. ஒரு குறிக்கு ஓர் எழுத்து என்று நினைத்துத் தொடங்குவதால் நின்றுபோகிறவர்களே அதிகம். ஐந்து கட்டம் இருக்கிறது, ஏழு குறி இருக்கிறது, எப்படி அடைப்பது என்று திகைப்பார்கள். குறியை எண்ணாதீர்கள், ஒலியை எண்ணுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த எண்ணிக்கையைச் சரியாகப் போடுவதற்காகத்தான்.

1. முதலில் புதிர் எந்த வகை என்று பாருங்கள்

சித்திர எழுத்துப் புதிர் என்ற பெயரில் மூன்று வேறு வேறு சங்கதிகள் கிடைக்கின்றன.

முதலாவது எழுத்து மாற்றுப் புதிர். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தைப் போட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கான தாள்களும், 'உங்கள் பெயரை எகிப்திய எழுத்தில் எழுதித் தருகிறோம்' என்கிற தளங்களும் இந்த ரகம். இதற்கு எகிப்திய மொழி தேவையில்லை, தாளோடு வரும் அட்டவணை போதும். அடையாளம் காண்பதும் எளிது: சொல்லின் கடைசியில் மனிதன், நடக்கும் கால்கள், பாப்பிரஸ் சுருள் போன்ற ஒலியில்லாத படங்கள் எங்குமே வராது. 'ல'கர ஒலிக்குப் படுத்திருக்கும் சிங்கம் அடிக்கடி வரும்.

இரண்டாவது உண்மையான எகிப்தியச் சொற்களை வைத்துப் பின்னிய புதிர். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

மூன்றாவது, எகிப்தியர்களே வேண்டுமென்று மறைத்து எழுதிய எழுத்து. அதைக் கடைசிப் படியில் பார்ப்போம். அதில் தொடங்கவே கூடாது.

2. கையில் வேண்டியவை, ஆகும் செலவு, பிடிக்கும் நேரம்

முக்கியமான ஆவணம் ஒன்றே ஒன்று: கார்டினர் குறிப்பட்டியல். ஆங்கிலேய எகிப்தியல் அறிஞர் ஆலன் கார்டினர் வகுத்த இந்த வரிசையில் குறிகள் 26 பிரிவுகளாக இருக்கின்றன. ஆண்கள் 'ஏ', பெண்கள் 'பி', உடலுறுப்புகள் 'டி', பறவைகள் 'ஜி', கட்டடங்கள் 'ஓ' என்று போகும். ஆந்தை என்றால் ஜி 17, வாய் என்றால் டி 21. புதிரின் விடைத்தாளும் அகராதியும் இந்த எண்ணைச் சொல்லித்தான் பேசும். பட்டியல் இணையத்தில் இலவசம். பறவைகள், உடலுறுப்புகள், கட்டடங்கள் ஆகிய மூன்று பிரிவுகளை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் திரையில் பார்த்தால் போதும்.

அகராதிக்கு ஜெர்மனியிலிருந்து நடத்தப்படும் 'தெசாரஸ் லிங்குவே எகிப்தியே' என்ற இலவச இணையக் களஞ்சியம் இருக்கிறது. நீங்களே குறிகளை அடுக்கிப் பார்க்க 'ஜேசெஷ்' என்ற மென்பொருள், அதுவும் இலவசம். அச்சு அகராதிகள் இறக்குமதி விலையில்தான் கிடைக்கும். முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ரப்பர் இவற்றைத் தவிர வேறு செலவுக்கு அவசியமில்லை.

கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2009இல் வந்த யூனிகோட் 5.2இலேயே 1,071 எகிப்தியக் குறிகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் எழுத்துரு இல்லாத கருவியில் அவை வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். எழுத்துரு இருந்தாலும், மேலும் கீழுமாக அடுக்க வேண்டிய குறிகளைப் பல செயலிகள் ஒரே வரியில் நீட்டிவிடும். படமாகவோ அச்சுக்கோப்பாகவோ கிடைக்கும் புதிரையே எடுங்கள்.

நேரக் கணக்கு: ஓரொலிக் குறிகள், அதாவது ஒரு குறிக்கு ஒரே மெய் தருபவை, மனதில் நிற்கத் தினம் 20 நிமிடம் வீதம் இரண்டு வாரம் ஆகும். அதிகம் புழங்கும் ஈரொலி, மூவொலிக் குறிகளில் ஓர் ஐம்பதுக்கு இன்னொரு மாதம். பத்துச் சொல் உள்ள சிறு கட்டத்துக்கு முதல் தடவை இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பறவைகளில்தான் கோட்டை விடுவீர்கள்.

3. படிக்கும் திசை

உயிருள்ள ஒரு குறியைத் தேடுங்கள். பறவை, மனிதன், பாம்பு எதுவானாலும் சரி. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முகம் வலப்புறம் இருந்தால் வலமிருந்து இடம். சூரியன், வாய், நீரலை போன்றவை இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் திசை காட்டாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் மேலே உள்ளது முதலில்.

கல்வெட்டுப் படங்கள் பெரும்பாலும் வலமிருந்து இடமாக இருக்கும். இக்காலப் புதிர்களை இடமிருந்து வலமாகத் தட்டச்சு செய்கிறார்கள். ஒரே தாளில் இரண்டும் கலந்து வந்தால் ஒவ்வொரு வரிக்கும் தனியாகப் பாருங்கள்.

சொல் தேடல் புதிரில் மட்டும் இந்த விதியை நம்பாதீர்கள். சொல் பின்னோக்கி ஓடினாலும் கட்டத்துக்குள் இருக்கும் பறவையின் முகத்தைத் திருப்பி வைக்கமாட்டார்கள். அங்கே எட்டுத் திசையிலும் தேடத்தான் வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். பறவையின் மார்புக்கு முன்னால் காலியிடம் இருந்தால் சின்னக் குறி ஒன்றை, அனேகமாக ரொட்டியை, அங்கே செருகிவிடுவார்கள். கண்ணுக்கு ரொட்டி முதலில் படும். ஆனால் பறவைக்குப் பிறகு அதைப் படிக்க வேண்டிவரலாம். இரண்டு வரிசையிலும் வைத்துப் பார்த்து, அகராதியில் எது இருக்கிறதோ அதை எடுங்கள்.

4. ஓரொலிக் குறிகள்

உயிரொலியை எகிப்தியர்கள் எழுதவில்லை. இது தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வகையில் வசதி. எல்லா ஒலியையும் புள்ளி வைத்த மெய்யாக எழுதிக்கொள்ளுங்கள்: ந்-ஃப்-ர். 'நெஃபெர்' என்று சொல்வதெல்லாம் வாயில் வரவேண்டும் என்பதற்காக இன்றைய அறிஞர்கள் நடுவில் செருகும் எகரம். கட்டத்தில் அதற்கு இடம் கிடையாது.

அகராதி வரிசையிலேயே பாடம் செய்யுங்கள், தேடும்போது பாதி நேரம் மிச்சமாகும். கழுகு: தொண்டையை ஒரு கணம் அடைத்துவிடும் ஒலி. நாணல் இலை: இகரமும் யகரமும் கலந்த ஒலி. இரட்டை நாணல்: ய். முன்கை: அடித்தொண்டை ஒலி, அரபியில் இன்றும் உண்டு. காடைக்குஞ்சு: வ். பாதத்தோடு கூடிய கால்: 'பஸ்'ஸில் வரும் ப். சதுரமான மணைப்பலகை: 'பல்'லில் வரும் ப். கொம்பு விரியன்: ஃப். ஆந்தை: ம். நீரலை: ன். வாய்: ர். முற்றம்: மெல்லிய ஹ். முறுக்கிய திரி: அழுத்தமான ஹ். கோடு போட்ட வட்டம்: காறும்போது தொண்டையில் உரசும் க்ஹ். விலங்கின் வயிறு: அதற்கு இணையான இன்னொரு உரசொலி. தாழ்ப்பாளும் மடித்த துணியும்: ஸ். குளம்: ஷ். மேட்டுச் சரிவு: உள்தொண்டைக் க். கைப்பிடிக் கூடை: 'கல்'லில் வரும் க். ஜாடித் தாங்கி: 'கேட்'டில் வரும் க். ரொட்டி: 'தலை'யின் த். சுருக்குக் கயிறு: ச். கை: 'தினம்' என்பதன் த். நாகம்: ஜ்.

கழுகையும் முன்கையையும் பேச்சில் 'ஆ', 'அ' என்றே சொல்லிவிடுகிறோம். அதனால் அவற்றை உயிரெழுத்து என்று எண்ணிக் கட்டத்தில் விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டும் மெய்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.

விடையை நோட்டில் தமிழில் எழுதிப் பார்க்கலாம். ஆனால் கட்டத்தில் எழுதும்போது ஆங்கில எழுத்துமுறைக்கு மாறிவிடுங்கள். தமிழ் எழுத்தில் காலும் மணைப்பலகையும் ஒரே ப், ரொட்டியும் கையும் ஒரே த். குறுக்குச் சொல் வரும்போது இடிக்கும். கணினி வழக்கில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு ஒலி என்பதையும் மறக்காதீர்கள். சின்ன 'ஹெச்' முற்றம், பெரிய 'ஹெச்' திரி. சின்ன 'எஸ்' துணி, பெரிய 'எஸ்' குளம். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அழகாக எழுதிவைத்தால் விடை தவறாகிவிடும். நாணலுக்குச் சிலர் 'ஐ' போடுவார்கள், சிலர் 'ஜே' போடுவார்கள். தாழ்ப்பாளைத் தனியாக 'இசட்' என்று எழுதும் வழக்கமும் உண்டு. புதிரின் அடியில் இருக்கும் சின்ன எழுத்துக் குறிப்பை முதலில் படியுங்கள்.

5. ஏமாற்றும் உருவங்கள்

ஆந்தைதான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் பறவை. உடல் பக்கவாட்டில் இருந்தாலும் முகம் நேராக இருக்கும். மற்றப் பறவைகளுக்கு ஒற்றைக் கண்தான் தெரியும். காடைக்குஞ்சுக்குச் சிறகு பொட்டு அளவு, வால் இல்லை என்றே சொல்லலாம்.

தகைவிலானும் சிட்டுக்குருவியும் மிக மோசமான ஜோடி. வால் பிளந்திருந்தால் தகைவிலான்: வ்-ர் என்று ஒலித்துப் 'பெரிய' என்று பொருள் தரும். வால் மழுங்கியிருந்தால் சிட்டுக்குருவி: சிறிது, கெட்டது, நோய் என்பதற்கான அடையாளம். வால் நுனியில் அரை மில்லிமீட்டர், பொருள் நேர் எதிர். மங்கலான படத்தில் சந்தேகம் வந்தால் குறியின் இடத்தைப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் தகைவிலானாக இருக்கவே வாய்ப்பு அதிகம், கடைசியில் வந்தால் சிட்டு.

வட்டங்கள் மூன்று. நடுவில் புள்ளி இருந்தால் சூரியன், படுக்கைக் கோடுகள் இருந்தால் க்ஹ் ஒலி, உள்ளே குறுக்குச் சாலை இருந்தால் ஊர். கூடையில் கைப்பிடி இருந்தால் க், இல்லாவிட்டால் ன்-ப் என்று ஈரொலி, 'தலைவன்' அல்லது 'எல்லாம்' என்று பொருள். விரியன் தரையோடு படுத்திருக்கும், தலையில் கொம்பு. நாகம் தலை தூக்கியிருக்கும்.

6. ஈரொலி, மூவொலி: எண்ணிக்கை தவறும் இடம்

ஒரே குறி இரண்டு மூன்று மெய்களைச் சேர்த்துத் தரலாம். வீட்டின் வரைபடம் ப்-ர். செனட் ஆட்டப் பலகை ம்-ன். ஸ்கராப் வண்டு க்ஹ்-ப்-ர். இதயமும் மூச்சுக்குழலும் சேர்ந்த குறி ந்-ஃப்-ர். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் துணையொலியில் வருகிறது. இதயக் குறியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் விரியனையும் வாயையும் போடுவார்கள். பார்த்தவுடன் ந்-ஃப்-ர்-ஃப்-ர் என்று ஐந்து கட்டம் தேடத் தோன்றும். ஆனால் விரியனும் வாயும், 'இந்தக் குறியின் கடைசி ஒலிகள் இவைதான்' என்று நினைவூட்ட வந்தவை. சொல் மூன்றே ஒலி. ஆட்டப் பலகைக்குக் கீழே நீரலை வந்தாலும் அப்படித்தான்: ம்-ன், இரண்டு ஒலி.

பழகும்வரை இப்படிச் செய்யுங்கள். பல ஒலிக் குறியைக் கண்டதும் நோட்டில் அதன் எல்லா ஒலிகளையும் எழுதுங்கள். அடுத்துவரும் ஓரொலிக் குறி அதில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பென்சிலால் அடியுங்கள். இல்லாவிட்டால் மட்டும் சேருங்கள். பூனையை எடுத்துக்கொள்வோம்: பால் ஜாடி, நாணல், காடைக்குஞ்சு, கடைசியில் பூனை. ஜாடிக்கே ம்-இ என்று இரண்டு ஒலி. நாணல் அந்த இகரத்தைத் திரும்பச் சொல்கிறது, அடியுங்கள். குஞ்சு புதிது, சேருங்கள். பூனைப் படத்துக்கு ஒலி இல்லை. நான்கு குறி, மூன்று ஒலி: ம்-இ-வ். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பூனையே பதில் சொல்லும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில வினைவடிவங்களில் கடைசி மெய் உண்மையாகவே இரட்டிக்கும். வீடு, வாய், வாய், நடக்கும் கால்கள் என்று வந்தால் முதல் வாய் துணையொலி, இரண்டாவது வாய்க்குத் தனிக் கட்டம்: ப்-ர்-ர்.

7. பொருட்குறியைக் கடைசியில் அல்ல, முதலில் பாருங்கள்

சொல்லின் முடிவில் ஒலியில்லாமல் நிற்கும் படம்தான் பொருட்குறி. கட்டத்தில் அதற்கு இடமில்லை, ஆனால் புதிரை விடுவிக்க அதைவிட நல்ல துப்பு வேறில்லை. நடக்கும் கால்கள் என்றால் அசைவு. வாயில் கைவைத்த மனிதன் என்றால் உண்பது, பேசுவது, நினைப்பது, உணர்வது. கோல் ஏந்திய கை என்றால் பலத்தைப் பயன்படுத்தும் செயல். கட்டிய பாப்பிரஸ் சுருள் என்றால் கண்ணால் காணமுடியாத கருத்து. மூன்று குன்று என்றால் பாலைவனம் அல்லது அயல்நாடு.

வீடும் ஒற்றைக் கோடும் வந்தால் 'வீடு'. அதே வீட்டோடு வாயும் கால்களும் வந்தால் 'வெளியே போ'. ம்-ர் என்ற ஒலிக்குப் பின்னால் வாயில் கைவைத்த மனிதன் இருந்தால் அன்பு, சிட்டுக்குருவி இருந்தால் நோய். ஒலியை மட்டும் வைத்து அகராதியில் தேடினால் பத்துச் சொல் வந்து நிற்கும், பொருட்குறி அதை இரண்டாகக் குறைத்துவிடும்.

ஒற்றைக் கோட்டை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். 'படத்தில் இருப்பதே பொருள்' என்று அது பொதுவாகச் சொல்லும். ஆனால் வாத்தும் கோடும் சேர்ந்தால் வாத்து அல்ல, 'மகன்'.

8. கட்டத்தை நிரப்பும் வரிசை

எழுதாமல் விட்ட ஒலிகளை முதலில் கணக்கில் எடுங்கள். மூன்று கோடு அல்லது ஒரே குறி மூன்று தடவை வந்தால் பன்மை. ஆண்பாலில் கடைசியில் ஒரு வ் சேரும், அதைப் பல இடங்களில் வரைந்திருக்கவே மாட்டார்கள். கடவுளைக் குறிக்கும் கொடிக்கம்பம் தனியாக வந்தால் மூன்று ஒலி. மூன்று கொடிக்கம்பம் வந்தால் 'கடவுளர்', நான்கு ஒலி. நான்காவது கட்டம் காலியாக நிற்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். பெண்பாலுக்கு ரொட்டி சேரும்: கூடை தலைவன், கூடையும் ரொட்டியும் தலைவி. வாத்து மகன், வாத்தும் ரொட்டியும் மகள்.

எல்லாம் ஓரொலிக் குறிகளால் ஆன சொற்களை முதலில் போடுங்கள். வாயும் அதன் கீழ் நீரலையும் 'பெயர்', ர்-ன். திரி, நீரலை, சரிவு, ரொட்டி, கூடவே ஜாடி வந்தால் 'பீர்', நான்கு ஒலி. பிறகு இவற்றைக் குறுக்கே வெட்டும் மூவொலிச் சொற்கள். காணிக்கை வாசகத்திலிருந்து, அதாவது இறந்தவருக்கு உணவுப் படையல் வேண்டும் வாசகத்திலிருந்து, எடுத்த துப்புகளில் பீருக்கு ஜாடியை மட்டும் போட்டுவிட்டு நான்கு ஒலியும் எதிர்பார்ப்பார்கள். ரொட்டி, பீர், மாடு, பறவை என்று வரிசையாக வந்து, பக்கத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் தாமரையும் இருந்தால் அது காணிக்கை வாசகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

9. அரசர் பெயர் வளையம்

நீள்வட்டக் கயிற்று வளையத்துக்குக் கார்ட்டூஷ் என்று பெயர். ஒரு முனையில் முடிச்சுப்போல நேர்க்கோடு இருக்கும், பெயர் அங்கேதான் முடிகிறது. வளையத்துக்கு முன்னால் வாத்தும் சூரியனும் இருந்தால் பிறப்புப் பெயர், கோரைச்செடியும் தேனீயும் இருந்தால் முடிசூட்டுப் பெயர்.

துட்டன்காமுனின் முடிசூட்டு வளையத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மேலே சூரியன் (ரா என்ற கடவுள்), அதன் கீழ் வண்டு, வண்டின் கீழ் மூன்று கோடு, அடியில் கைப்பிடி இல்லாத கூடை. வரிசைப்படி படித்தால் 'ரா-கெப்பெரு-நெப்'. அது தவறு. கடவுள் பெயரை மரியாதைக்காக முதலில் எழுதிவிடுவார்கள், படிக்கும்போது அதன் உரிய இடத்தில் வைக்க வேண்டும். சரியான விடை 'நெப்-கெப்பெரு-ரா'.

பிறப்புப் பெயரிலும் இதே கதை. நாணல், ஆட்டப் பலகை, நீரலை மூன்றும் முதலில் 'அமுன்' என்ற கடவுள் பெயரைச் சொல்கின்றன. பிறகு ரொட்டி, காடைக்குஞ்சு, ரொட்டி சேர்ந்து 'துட்'. பிறகு மேலே வளையம் உள்ள சிலுவை போன்ற மூவொலிக் குறி, 'அன்க்'. அமுனைக் கடைசிக்குக் கொண்டுபோனால் துட்-அன்க்-அமுன், ஒன்பது ஒலி. நீரலை இங்கே துணையொலி என்பதைக் கவனியுங்கள். அதற்கும் கீழே செங்கோல், தூண், தென்னாட்டுச் செடி என்று மூன்று குறிகள் இருக்கும். அவை பெயரல்ல, 'தெற்கு இயூனுவின் ஆட்சியாளன்' என்ற பட்டம். அவற்றைப் பெயருக்குள் திணிக்கப் பார்த்துப் பல மணி நேரம் வீணாவது வழக்கம்.

மேலே கடவுள் இருந்தால் எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ராமெசெஸ் என்ற பெயரில் 'ரா' முதலிலேயே படிக்கப்படுகிறது. இரண்டு வரிசையையும் எழுதி, அரசர் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

10. மறைத்து எழுதியவை

ஒன்பது படிகளும் கைக்கு வந்தபிறகு இதற்கு வாருங்கள். கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்த ஒரு சிலையில் தொடங்குவது நல்லது. பெரிய வல்லூறின் முன்னால் ஒரு குழந்தை குந்தியிருக்கிறது. தலைமேல் சூரிய வட்டம், கையில் ஒரு செடி. சூரியன் 'ரா', குழந்தை 'மெஸ்', செடி 'சு'. சிலையே ராமெசெஸ் என்ற பெயர். அடுத்து, ஹட்ஷெப்சுட் அரசியின் அதிகாரி செனென்முட் தன் சிலைகளில் வைத்த நாகம். நாகத்துக்குக் கீழே உயர்த்திய இரு கைகள், தலைமேல் சூரியன். நாகம் 'மாட்', கைகள் 'கா', சூரியன் 'ரா': அரசியின் முடிசூட்டுப் பெயரான மாட்-கா-ரா. இந்த ரகத்தில் விடை பெரும்பாலும் அரசர் பெயர், கடவுள் பெயர் அல்லது பட்டம். ஆகவே அவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து வாருங்கள்.

எகிப்தியர்களே செய்த குறுக்கெழுத்தும் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பாசெர் என்பவரின் கல், கி.மு. 12ஆம் நூற்றாண்டு, ஆறாம் ராமெசெஸ் காலம். முட் தேவிக்கான துதியைக் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். குறுக்கே படித்தாலும் நெடுக்கே படித்தாலும் பொருள் வரும். மூன்று முறை படிக்க வேண்டும் என்று தலைப்பு வரியே சொல்கிறது. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, சிதையாத மேல் பகுதியில் ஒரு கிடை வரியை மட்டும் முதலில் எடுங்கள். அந்த வரி முழுதும் ஒலிபெயர்ந்த பிறகு, அதில் ஏதாவது ஒரு கட்டத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி இறங்குங்கள்.

எகிப்தின் எஸ்னா கோயிலில் கிட்டத்தட்ட முழுக்க ஆட்டுக்கடா வடிவங்களால் எழுதிய துதி ஒன்றும், முதலை வடிவங்களால் எழுதிய துதி ஒன்றும் உள்ளன. ஒரே கடா இடத்துக்கு இடம் வேறு வேறு ஒலி தரும். ஓரொலிக் குறிகளின் அட்டவணையால் அங்கே ஒரு பயனும் இல்லை, கடவுளின் அடைமொழிப் பட்டியல் ஒன்றுதான் பிடிமானம். அந்தப் பட்டியல் கைக்குக் கிடைக்கும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.